ஓங்கல் கிடக்கு

கூடுதாழைக்குத் தெற்கே, பதினாலு பாகத் தண்ணியில்
கஸ்பார் இஞ்சினை அமத்தினான்.
"ஓங்கல் கிடக்குலே."

நாலு நாளாய்ச் சாளைக்குக் குறிவைத்த இடம்.
ஓங்கல் புகுந்தால் வலை கந்தல்,
மீன் சிதறும், மண்ணெண்ணெய்க் காசு
கடலுக்குத் தெண்டம்.
வைதுகொண்டேதான் பார்த்தேன்.

தாய்.
அதன் விலாவில் ஒட்டவைத்ததுபோல் இரண்டு முழக் குட்டி.
குட்டியின் உடம்பில் குறுக்கே வெளிறிய கோடுகள்.
பெட்டியில் மடித்துக் கிடந்த வேட்டியைக்
கொடியேற்றத்துக்கு உடுத்தினால்
சப்பரம் திரும்பும்வரை போகாதே, அந்த மடிப்பு.
வயிற்றுக்குள் அப்படி மடங்கிக் கிடந்திருக்கிறது.
நேற்றோ முந்தாநாளோ
அவிழ்ந்திருக்கிறது.

மூச்செடுக்க இன்னும் பழகவில்லை.
தாய் முதுகை மட்டும் காட்டி ஒரு தும்மலில் முடித்துவிட,
இது தலை முழுவதையும் வெளியே எறிந்து
தாடை அடிபட விழுகிறது.
விழும் இடத்துக்கு அடியில்
எப்போதோ போய் நிற்கிறது தாய்.

சில நேரம் வாலைக்கூட அசைக்காமல் வருகிறது.
தாய் கிழிக்கும் தண்ணி அதையும் இழுத்துப் போகிறது,
திசையன்விளை ரோட்டில் லாரியின் பின்காற்றில்
மிதிக்காமலே சைக்கிளில் போவோமே, அதைப்போல.

தாய் சற்றே சரிந்து கொடுத்தது.
நாலு எண்ணுமுன் பால்குடி முடிந்தது.
மூச்சு. மறுபடி நாலு.
சிந்தினது புகையாய் நின்று
நீவாட்டில் கரைந்தது.

பசி பொறுக்காமல் தாய் சாளைக்குள் பாய்ந்தபோது
முதுகுச்செட்டை பிய்ந்த இன்னொன்று வந்தது,
அதே பக்கம், அதே இடைவெளி.
ஆள் மாறியது குட்டிக்கு உறைக்கவில்லையோ,
உறைத்தும் போதும் என்றதோ.

கஸ்பார் குப்புறப் படுத்து
வள்ளத்தின் அடித்தட்டில் காதை வைத்தான்.
"கேக்குதாலே?"
வைத்தேன்.
ஃபைபருக்கு அந்தப்புறம் ஒரு விசில்.
மேலேறி, வளைந்து, அறுந்து
திரும்ப அதே ஏற்றம், அதே வளைவு.

"தாய் தன் பேரைச் சொல்லுது," என்றான்,
எந்த வீடியோவில் பார்த்தானோ.
"பெத்த நாள்லேர்ந்து விடாமச் சொல்லும்.
எத்தனை கூட்டத்துல கலந்தாலும்
இந்தக் குரலுக்கு வரணும்லா."

"தகப்பன்?"
"அது எங்கயாவது மேஞ்சிட்டுக் கிடக்கும்."
சிரித்தான். பிறகு
சிரித்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கயிற்றைச் சுருட்டினான்.

ஆக்சிலியா பிறந்தபோது நான் பஹ்ரைனில் இருந்தேன்.
சிக்னல் கிடைக்கும் மேல்தட்டில் ஏறி நின்று
ஒவ்வொரு ராத்திரியும்
ஆக்சிம்மா, ஆக்சிம்மா.
படம் ஓடாது, குரல் மட்டும்தான் போகும்.
இரண்டு வருஷம், மூன்று மாதம்.

வந்து வாசலில் நின்று கூப்பிட்டேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
உள்ளே ஓடினாள்.
அமலோற்பவத்தின் போனைத் தூக்கிவந்து
காதில் வைத்துச் சொன்னாள்:
"அப்பா, ஒரு மாமா வந்திருக்கு."

அமலோற்பவம் சிரித்தாள்,
சிரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் மச்சினனின் போனை வாங்கிக்கொண்டு
பின்வாசலுக்குப் போய்
அந்த நம்பருக்கே அடித்தேன்.
ஆக்சிம்மா.
பேசிக்கொண்டே உள்ளே நடந்தேன்,
ஒரு வார்த்தைக்கு ஒரு அடி.
அவள் போனைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள்,
போனை.

"வலை போடவா?" என்றான் கஸ்பார்.
வேண்டாம் என்று சொன்னதாய் நினைவில்லை.
மேற்கே ஒரு மைல் தள்ளிப் போட்டோம்.
ஊளி எட்டு கிலோ.
மண்ணெண்ணெய்க்கும் கட்டவில்லை.